நோய், மரணம், பணமுடை: மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தார் துணை நிற்பதற்கான முழுமையான வழிகாட்டி

கடுமையான நோய், மரணம், பணமுடை ஆகிய மூன்றும் ஒரு வீட்டுக்குத் தனித்தனியாக வருவது குறைவு. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் வருமானம் நிற்கிறது. சிகிச்சைக்காக நகை அடகுக்குப் போகிறது. அவர் இறந்துவிட்டால் கடனும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஒரே மாதத்தில் மனைவியின் தலையில் விழுகின்றன. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பாண்டுப்பிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் வாழும் தமிழர்கள் இத்தகைய வேளையில் ஓடிவந்து நிற்பவர்கள் என்பதில் ஐயமில்லை. ஊர்ச் சங்கமும் கோயில் கமிட்டியும் தேவாலயமும் ஜமாத்தும் சோசைட்டி வாட்ஸப் குழுவும் முதல் வாரத்தில் பணத்தையும் சாப்பாட்டையும் கொண்டுவந்து குவிக்கின்றன. மூன்றாவது மாதத்தில், அதே வீட்டில் கேஸ் சிலிண்டர் வாங்கப் பணம் இருக்கிறதா என்று கேட்க ஆள் இருப்பதில்லை. ஒன்றரை ஆண்டு நீளும் துன்பத்துக்கு ஒரு வாரத்து உதவி போதாது என்பதால், அந்த உதவியைச் சிறிய அளவுகளாகப் பிரித்து நீண்ட காலம் ஓடவைப்பது எப்படி என்பதைப் படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: அனுமதி கேளுங்கள்

குடும்பத்தைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். நோயின் பெயரை நோயாளிக்கே சொல்லாமல் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. ஊரில் இருக்கும் வயதான தாய்க்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்களும், மகளின் கல்யாணப் பேச்சு நடப்பதால் வெளியே தெரிய வேண்டாம் என்று அஞ்சுபவர்களும் உண்டு. எனவே நெருங்கிய ஒருவர் நேரில் சென்று மூன்று விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: யார் யாருக்கு எது வரை தெரியும், யாருக்குச் சொல்லலாம், வீட்டின் சார்பில் முடிவெடுப்பவர் யார். மருத்துவ அறிக்கையைப் படமெடுத்துக் குழுவில் போடுவதற்கும் நோயாளியின் புகைப்படத்தைப் பகிர்வதற்கும் தனித்தனியாக ஒப்புதல் பெறுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் மொட்டைத் தலையோடு கிடக்கும் படத்தை ஆயிரம் பேர் பார்த்துவிட்ட பிறகு, குணமாகி வேலைக்குத் திரும்புபவர் அதோடுதான் வாழ வேண்டியிருக்கும்.

“ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வருவது, எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்கும் வேலையையும் அந்த வீட்டின் மேல் ஏற்றிவிடுகிறது. அதற்குப் பதிலாக, “அக்கா, திங்களும் வியாழனும் பிள்ளைங்களை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன், சரியா?” என்று குறிப்பாகக் கேட்டால், அவர் தலையசைத்தால் போதும்.

இரண்டாம் படி: இருவர், ஒரு நோட்டு

பொறுப்பாளர்களாக இருவரை நியமியுங்கள். ஒருவர் மருத்துவமனையையும் காகிதங்களையும் பார்ப்பவர். இந்தியும் மராத்தியும் தடையின்றிப் பேசக்கூடியவராக இருப்பது நல்லது. மற்றவர் பணத்தையும் வீட்டு வேலைகளையும் பார்ப்பவர். நோயாளி பெண்ணாக இருந்தாலும், நோயாளியைக் கவனிப்பவர் பெண்ணாக இருந்தாலும், இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். உள்ளாடை, மாதவிடாய், படுக்கையில் உடல் துடைத்தல் போன்றவற்றை எந்தச் சங்கத் தலைவரிடமும் ஒரு பெண்ணால் சொல்ல முடியாது.

நம் வீடுகளில் மொய் நோட்டு எழுதும் பழக்கம் இதற்குப் பெரிதும் உதவும். கொடுத்தவர் பெயர், தொகை, தேதி, எதற்குச் செலவானது என்பதோடு, யார் எந்த நாளில் என்ன வேலை செய்கிறார் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒரே வேறுபாடு, இந்த நோட்டில் எழுதப்படுவதைத் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. அதை முதல் நாளே குடும்பத்திடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மும்பையில் நம் சங்கங்களில் பல, ஊரையும் சாதியையும் ஒட்டி அமைந்தவை. சாதி மாறித் திருமணம் செய்தவர்கள், கணவனைப் பிரிந்த பெண்கள், ஊரோடு உறவு அறுந்தவர்கள், வேலைக்காகத் தனியாக வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள் ஆகியோர் எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இருப்பதில்லை, அதனால் அவர்கள் வீட்டுக்கு யாரும் வருவதும் இல்லை. உங்கள் சாலிலோ (வரிசை அறைகளாகக் கட்டிய குடியிருப்பு) கட்டடத்திலோ அப்படி ஒருவர் நோயுற்றிருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் என்ற ஒரே உறவை வைத்து நீங்கள்தான் இந்த நோட்டைத் தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: மருத்துவமனையில் துணை

1941 இல் பரேலில் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் மும்பையின் எல்லா மூலைகளிலிருந்தும் புற்றுநோயாளிகள் வருகிறார்கள். சயான் மருத்துவமனை என்று நாம் அழைக்கும் லோக்மான்ய திலக் மருத்துவமனையும் பரேலின் கேஇஎம் மருத்துவமனையும் மாநகராட்சியின் பெரிய மருத்துவமனைகள். எங்கே சென்றாலும் கூட்டம், வரிசை, பல கவுண்டர்கள், புரியாத மொழி ஆகியவை நோயாளியைச் சோர்வடையச் செய்கின்றன. எனவே ஒவ்வொரு ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) நாளுக்கும் குடும்பத்தினரோடு வெளியாள் ஒருவர் செல்ல வேண்டும். அவர் செய்ய வேண்டியவை மூன்று: வரிசையில் நிற்பது, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்வது, அன்று மாலை அதைக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவது. மருத்துவர் பேசும்போது பயத்தில் உறைந்திருக்கும் மனைவிக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

காகிதங்களுக்கு ஒரே ஃபைல் வைத்துத் தேதி வரிசையில் அடுக்குங்கள். கேஸ் பேப்பர், பயாப்சி அறிக்கை, ஸ்கேன் முடிவு, மருந்துச் சீட்டு, பில், ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல்கள் ஒவ்வொன்றிலும் ஐந்து இருக்கட்டும். அவற்றைப் பொறுப்பாளரின் தொலைபேசியிலும் படமாக வைத்திருங்கள்.

பெயர் எழுதும் முறையைத் தொடக்கத்திலேயே சரிபார்க்க வேண்டும். நமக்கு முதலெழுத்தும் பெயரும். மகாராஷ்டிரப் படிவங்களில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். ஆதாரில் ஒரு விதமாகவும் ரேஷன் கார்டில் வேறு விதமாகவும் வருங்கால வைப்பு நிதிக் (பிஎஃப்) கணக்கில் இன்னொரு விதமாகவும் பெயர் பதிவாகியிருந்தால், இன்றைய காப்பீட்டு விண்ணப்பமும் நாளைய இறப்புச் சான்றை வைத்துக் கேட்கும் பணமும் நின்றுவிடும். மருத்துவமனையில் முதன்முதலாகப் பதிவு செய்யும்போதே ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணித் துறை என்று ஒன்று இருக்கும். பணம் தீர்ந்த பிறகே பலர் அங்கே போகிறார்கள். சிகிச்சைச் செலவின் மதிப்பீடு கைக்கு வந்த அன்றே சமூகப் பணியாளரைச் சந்தித்துவிடுங்கள். எந்தத் திட்டத்துக்கு எந்தக் காகிதம் வேண்டும், எந்த அறக்கட்டளை எந்த நோய்க்கு உதவுகிறது என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். வாசலில் நின்று, பணம் கொடுத்தால் உடனே கட்டில் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்த குடும்பமாக இருந்தால் தங்குமிடம் முதல் கவலையாகிறது. தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலையும் பரேலின் நானா பால்கர் ஸ்மிருதி சமிதியும் இதற்காகவே இயங்குகின்றன. புற்றுநோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கு செயின்ட் ஜூட் மையங்கள் தங்குமிடம் தருகின்றன. இவற்றுக்கு மருத்துவமனையின் கடிதம் தேவைப்படுவதால், அதையும் சமூகப் பணியாளரிடமே கேளுங்கள். புற்றுநோயாளி சிகிச்சைக்காக ரயிலில் வரும்போது ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தை முன்பதிவுக் கவுண்டரில் காட்ட வேண்டும். மும்பை லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம் என்பது பலருக்குத் தெரியாததால், கீமோ முடிந்து வருபவர்கள் நெரிசலில் நசுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

நான்காம் படி: நம் பணத்துக்கு முன்னால் அரசுப் பணமும் அறப்பணமும்

நண்பர்கள் திரட்டும் பணம் வாடகைக்கும் பாலுக்கும் பேருந்துக்கும் பயன்பட வேண்டியது. அறுவை சிகிச்சைக்குப் பொதுப் பணம் இருக்கிறது. அதைத் தேடாமல் நேராக வசூலில் இறங்குவதால்தான் மூன்றாவது மாதத்தில் கை காலியாகிறது.

மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிபா பூலே ஜன் ஆரோக்கிய யோஜனா, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் ஆகியவை பொதுப் பணம் தரும் திட்டங்களில் பெரியவை. ஆயுஷ்மான் பாரத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். 2024 அக்டோபரிலிருந்து 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ஆயுஷ்மான் அட்டை கிடைக்கிறது. இத்திட்டங்களில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஆரோக்கிய மித்ரா என்பவர் ஒரு மேசை போட்டு அமர்ந்திருப்பார். அறுவைக்கோ கீமோவுக்கோ முன்னதாக அவர் வழியே அனுமதி பெற வேண்டும். முன்பணம் கட்டிவிட்டு, பிறகு திட்டத்தில் திருப்பிக் கேட்கலாம் என்று நினைத்தால் பணம் போனது போனதுதான். எனவே கவுண்டரில் பணம் கட்டும் முன் மித்ராவின் மேசை என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை இங்கே கவனியுங்கள். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ கார்டு வைத்துக்கொண்டு மும்பையில் வேலை செய்பவர்கள், தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதியுடையவர்களாக இருக்கலாம். அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அத்தகைய குடும்பம் ஊருக்குத் திரும்பி, 1954 இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில் சிகிச்சை பெறுவதே நல்லது என்று சில வேளைகளில் முடிவாகலாம். அங்கே பார்த்துக்கொள்ள உறவினர் இருக்கிறார்களா, இங்கே பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்பதையும் சேர்த்து எடைபோட்டு, முடிவை நோயாளியிடமே விடுங்கள்.

தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டீர்கள் என்றால், அது பொது அறக்கட்டளையாகப் பதிவானதா என்று விசாரியுங்கள். மும்பையின் பெயர்பெற்ற மருத்துவமனைகளில் பல அப்படிப்பட்டவை. 2006 இல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த திட்டத்தின்படி, அத்தகைய மருத்துவமனை தன் கட்டில்களில் 10 சதவீதத்தை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மொத்த பில் தொகையில் 2 சதவீதத்தை வறிய நோயாளர் நிதியில் சேர்க்கவும் வேண்டும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தால் வொர்லியில் உள்ள அறக்கொடை ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வருமானச் சான்று தாசில்தார் அலுவலகத்திலிருந்து வேண்டும். கவுண்டரில் ‘உத்பன்ன தாக்கலா’ என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். அது கைக்கு வர நாளாகும் என்பதால், நோய் உறுதியான வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

முதலமைச்சர் நிவாரண நிதியும் பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் மருத்துவ உதவிப் பணத்தை மருத்துவமனைக்கே அனுப்புகின்றன. மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதம், வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றோடு சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதத்தையும் இணைத்து அனுப்புவது வழக்கம். சங்கத் தலைவர்களின் செல்வாக்கு உண்மையில் பயன்பட வேண்டிய இடம் இதுதான். பிரபாதேவியின் சித்திவிநாயகர் கோயில் அறக்கட்டளையும் மருத்துவ உதவி வழங்குகிறது. 1951 இல் தொடங்கிய இந்தியப் புற்றுநோய்ச் சங்கமும் 1969 இல் தொடங்கிய புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் மும்பையில்தான் இருக்கின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் விண்ணப்பிப்பதில் தவறில்லை, ஆனால் எங்கே எவ்வளவு கிடைத்தது என்பதை ஒவ்வோர் இடத்திலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நோயாளி வேலை செய்த இடத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்ததா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால், சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதமும், புற்றுநோய், காசநோய் போன்ற பட்டியலில் உள்ள நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை 80 சதவீதமும் கிடைக்க வழியுண்டு. பட்டறையிலும் கடையிலும் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கு இந்தப் பிடித்தமே இருப்பதில்லை என்பது வேதனையான உண்மை.

ஐந்தாம் படி: வசூல்

இவ்வளவுக்கும் பிறகு மீதமிருக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதிப்பார்த்து, அந்தத் தொகையை மட்டும் கேளுங்கள். மருத்துவச் செலவுக்கானது நேராக மருத்துவமனையில் நோயாளியின் கணக்கில் கட்டப்படட்டும்; வீட்டுச் செலவுக்கானது மாதாந்திரப் பங்காக வரட்டும். இருபது குடும்பங்கள் ஒவ்வொன்றும் மாதம் 500 ரூபாய் தந்தால் 10,000 ரூபாய் ஆகிறது. பன்னிரண்டு மாதம் அது தவறாமல் வருமானால், ஒரே நாளில் விழும் ஒரு லட்சத்தைவிட அந்த வீட்டுக்கு அதிக நிம்மதி தரும். சீட்டுக் கட்டிப் பழகிய நமக்கு மாதம்தோறும் ஒரு தேதியில் பணம் சேர்ப்பது புதிதல்ல.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தால், அது வரிக்குரிய வருமானமாகக் கருதப்படக்கூடும். எனவே பெரிய தொகையைத் தனிநபர் கணக்கில், அதுவும் பொறுப்பாளரின் சொந்தக் கணக்கில், ஒருபோதும் வாங்காதீர்கள். மருத்துவமனைக்கோ பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை வரவு செலவை இரு பொறுப்பாளர்களும் கையெழுத்திட்டுக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களுக்கு மொத்தத் தொகை தெரிந்தால் போதும். பட்டியலைப் பெயரோடு குழுவில் போட்டால், கொடுக்க முடியாதவர்கள் அந்த வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

பணம் கொடுத்தவர்களுக்கு அந்த வீட்டின் செலவைக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுவதில்லை. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு புதுச் சட்டை வாங்கினார்கள் என்று முகம் சுளிப்பவரிடம் இதைப் பொறுப்பாளர் நேராகவே சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் படி: சோறு, பிள்ளைகள், ரத்தம்

சாப்பாட்டை முறை வைத்துக் கொடுங்கள். ஒரே நாளில் நான்கு வீட்டு சாம்பார் வந்து கெட்டுப்போவதும் அடுத்த நாள் ஒன்றும் வராமல் போவதும் வழக்கமாக நடக்கிறது. கீமோ எடுப்பவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால், அன்று சமைத்ததை மூடிய பாத்திரத்தில் கொடுத்து, மருத்துவமனை உணவியலாளர் கொடுத்த பட்டியலை மீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் வாசலோடு நின்றுவிட வேண்டும். பாத்திரம் திரும்ப வேண்டாத டப்பாவில் கொடுத்தால், கழுவித் திருப்பி அனுப்பும் வேலையும் மிச்சம்.

பிள்ளைகளின் வகுப்பாசிரியரிடம், குடும்பத்தின் ஒப்புதலோடு, நிலைமையைச் சொல்லி வையுங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அதன் நகலை வைத்திருங்கள்.

ரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பட்டியலை முன்னதாகவே தயார் செய்யுங்கள். முழு ரத்தம் கொடுத்த ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) ஐந்து நாட்களுக்கு மேல் தாங்காது என்பதால் அதைச் சேமித்துவைக்க முடியாது. கூப்பிட்ட அன்று வரக்கூடியவர்கள்தான் வேண்டும். பத்துப் பேர் ஒரே நாளில் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டால், அடுத்த வாரத்துக்கு ஆள் இருக்காது.

ஏழாம் படி: குணமாகாது என்று தெரிந்தபின்

மருத்துவர் இனி வலி நிவாரணம்தான் என்று சொல்லும் நாளில், பல குடும்பங்கள் கடைசி நகையை விற்று இன்னொரு மருத்துவமனைக்கு ஓடுகின்றன. அந்த ஓட்டத்தை யாரும் ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் அந்த வேளையில் அன்போடு உண்மை பேசக்கூடிய ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சைப் பிரிவு எது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாந்த்ராவில் 1986 இலிருந்து இயங்கும் சாந்தி அவேத்னா சதன், முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரிக்கிறது.

நோயாளி தெளிவோடு இருக்கும்போதே சிலவற்றைச் செய்துவிட வேண்டும்: வங்கிக் கணக்கிலும் வைப்பு நிதியிலும் வாரிசு நியமனம், வீட்டுப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் இருக்கும் இடம், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்ற பட்டியல். இதைப் பேசுவது அபசகுனம் என்று வீட்டார் தயங்கினால், நோயாளியிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தன் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்ற கவலை அவரைத்தான் அதிகம் அரித்துக்கொண்டிருக்கும்.

எட்டாம் படி: இறந்த அன்று

மருத்துவமனையில் இறந்தால், இறப்புக்கான காரணத்தைக் குறிக்கும் மருத்துவச் சான்றை மருத்துவமனையே தரும். வீட்டில் இறந்தால், சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுத வேண்டும். அவருடைய தொலைபேசி எண்ணை முன்பே வாங்கி வைத்திருங்கள். இந்தச் சான்று இல்லாமல் மயானத்திலோ கல்லறையிலோ அனுமதிக்க மாட்டார்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பில் பாக்கிக்காக உடலைக் கொடுக்காமல் நிறுத்திவைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை கிடையாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. குரலை உயர்த்தாமல், அந்த வரியை எடுத்துக்காட்டி எழுத்தில் கேளுங்கள்.

உடலை ஊருக்குக் கொண்டுபோவதா, இங்கேயே அடக்கம் செய்வதா என்பதை மனைவியும் பிள்ளைகளும் முடிவு செய்யட்டும். விமானத்தில் அனுப்ப வேண்டுமானால் மருத்துவச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, காவல் துறையின் தடையில்லாச் சான்று, பெட்டி ஆகியவை தேவை. அந்தச் செலவுக்காக வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வந்தால், இங்கே தகனம் செய்து அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று பெரியவர் ஒருவர் வாய்திறந்து சொன்னால், குடும்பத்துக்குக் குற்ற உணர்வு குறையும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதே துணிவு வேண்டும். முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டால்தான் மரியாதை என்ற எண்ணத்தில், இறந்தவரின் காப்பீட்டுப் பணம் வரும் முன்பே கடன் ஏறிவிடுகிறது. நெருங்கிய உறவினர் மட்டும் என்று சங்கமே அறிவித்துவிட்டால், அந்தப் பேச்சு குடும்பத்தின் மேல் வராது. பூவை எடுப்பது, வளையல் உடைப்பது போன்ற சடங்குகளில், வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னால், அவருக்குப் பின்னால் நான்கு பெண்கள் நின்று அவர் விருப்பத்தை நிறைவேற்ற வேண்டும்.

ஒன்பதாம் படி: கூட்டம் கலைந்த பின்

காரியம் முடிந்து உறவினர்கள் ரயிலேறிய பிறகுதான் பொறுப்பாளர்களின் வேலை கூடுகிறது. இறப்புச் சான்றின் பத்துப் பிரதிகளோடு ஒரு நாளைக்கு ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணோடு சேர்ந்து செல்லுங்கள்.

இறந்தவரின் வங்கிப் பாஸ்புக்கைக் கடந்த ஓராண்டுக்குப் புரட்டிப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்தம் இருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கக்கூடியது. 20 ரூபாய் பிடித்தம் விபத்துக் காப்பீட்டுக்கு உரியது. வேறு தொகைகள் இருந்தால் எல்ஐசி முதலிய பிரீமியமா என்று வங்கியில் கேளுங்கள். ஏடிஎம் அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக இறந்தவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டாம். வாரிசாக நியமிக்கப்பட்டவர் விண்ணப்பித்தால் வங்கியே தரும்.

வைப்பு நிதி இருந்தால், சேர்ந்த தொகைக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வாய்ப்புண்டு; பணியில் இருக்கும்போது இறந்தவர்களுக்கு உரிய இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பணிக்கொடைக்கு ஐந்தாண்டு பணி வேண்டும் என்ற நிபந்தனை, இறப்பின்போது பொருந்தாது.

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்தவர் இறந்தால், தேசிய குடும்ப நல உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய் ஒருமுறை கிடைக்கும். மகாராஷ்டிரத்தின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் வறிய கைம்பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை உண்டு. இரண்டுக்கும் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

கடன்காரர்கள் வரத் தொடங்கும்போது, புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கணவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்புக்கு மேல், அவர் வாங்கிய கடனுக்கு வாரிசுகள் பொறுப்பல்ல. தாமே இணைந்து கையெழுத்திட்ட கடன் மட்டும் வேறு. உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்வது 2014 ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டப்படி குற்றம். பகடி வீடாக (முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் நீண்டகாலம் இருக்கும் பழைய வாடகை வீடாக) இருந்தால், உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு வாடகை உரிமை தொடரும். வாடகை ரசீதையும் மின் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், தாராவி போன்று மறுகட்டுமானம் பேசப்படும் பகுதியில் இவற்றின் மதிப்பு இன்னும் அதிகம்.

துக்கத்துக்கு அட்டவணை கிடையாது. வாரம் ஒருமுறை, வேலை எதுவும் இல்லாமல், ஒருவர் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து வரட்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச அஞ்ச வேண்டாம், அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை என்பதே பல வீடுகளில் பெரிய வலி. பிள்ளைகளிடம் “அப்பா ஊருக்குப் போயிருக்கார்” என்று பொய் சொல்லாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற பேச்சு வந்தாலோ, தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் எனும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

மூன்றாவது மாதத்திலிருந்து வருமானம் பற்றிப் பேசலாம். இட்லி மாவு அரைப்பதோ தையலோதான் பெண்ணுக்குப் பொருத்தம் என்று நாமே முடிவுகட்டாமல், அவர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது எது முடியும் என்று கேளுங்கள். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு கிடைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மாதப் பங்கை, அவருடைய சம்பளம் உறுதியான பிறகு, அவரோடு பேசிப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஓராண்டு முடிந்ததும் நோட்டை எடுத்து, நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எவை என்று இரு பொறுப்பாளர்களும் குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். மீதப் பணம் இருந்தால் அது அந்தக் குடும்பத்துடையது. பிள்ளைகளின் பெயரில் அஞ்சலகத்தில் போடுவதா, கடனை அடைப்பதா என்பதை அவர்களே சொல்லட்டும். கணக்கை முடித்து இருவரும் கையெழுத்திட்டபின், நோட்டையும் ஃபைலையும் அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள்.